இருபத்தாறு கிலோமீட்டர்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டிலிருந்து அம்மா இருந்த இடம் சரியாக இருபத்தெட்டு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் மௌலா அலியில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து அப்பாவின் பிக்கப் வண்டி கிளம்பும்போது, மீட்டரின் பொத்தானை அழுத்திப் பூஜ்ஜியமாக்குவது என் உத்தியோகம். மியாப்பூரில் மாமா வீட்டு கேட்டில் வண்டி நிற்கும்போது அது இருபத்தெட்டு காட்டும்.

அம்மா மாமா வீட்டுக்குப் போய் ஒரு வருடமாகியிருந்தது. ஏன் என்று கேட்டால் இரண்டு வீட்டிலும் ஒரே பதில்: அம்மாவுக்கு வேலை அந்தப் பக்கம், தினமும் வந்துபோக முடியாத தூரம். பெரியவர்கள் சொல்லிவைத்தாற்போல் ஒரே காரணத்தைச் சொன்னால் சந்தேகப்பட வேண்டும் என்ற புத்தி எனக்கு அப்போது ஏது? என் கோபமெல்லாம் தூரத்தின் மேல்தான் இருந்தது.

அந்த மழைக்காலத்தில் நாச்சாரம் தொழிற்சாலைச் சந்துகளில் சரக்கு ஏற்றப் போனபோதெல்லாம் வண்டியின் அடிப்பாகம் கல்லில் இடித்தது. பெரிய சக்கரமாகப் போட்டுவிடலாம் என்று அப்பா ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு டயர் கடைக்குப் போனார். கடைக்காரர் இரண்டு சக்கரங்களை உருட்டி வந்தார். ஒன்று பழையதைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இன்னொன்று என் இடுப்பு உயரம் இருந்தது. அப்பா சின்னதைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியதைப் போட்டால் ஸ்டியரிங் கனக்கும், டீசல் குடிக்கும் என்று கடைக்காரரும் எச்சரித்தார். அதோடு விட்டிருக்கலாம். மீட்டரும் குறைத்துக் காட்டும், முப்பது ஓடினால் இருபத்தெட்டுதான் வரும் என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டார்.

அதற்குமேல் எதுவும் என் காதில் ஏறவில்லை. சக்கரம் பெரிதானால் தூரம் குறையும்! இவ்வளவு சுலபமான வழியை வைத்துக்கொண்டா இவர்கள் ஒரு வருடமாகச் சும்மா இருந்தார்கள்? பெரிய சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தேன். முதலில் இந்தியில் அழுதேன், பிறகு தெலுங்கில். அப்பாவிடம் காரியம் ஆக வேண்டுமென்றால் தமிழில்தான் அழ வேண்டும் என்பது கடைசியில்தான் நினைவுக்கு வந்தது. நான்கு பெரிய சக்கரங்களும் வண்டிக்கு ஏறின.

மறுநாள் வண்டி தெருவைத் தொடாமல் போவதுபோல் எனக்கு இருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. மெட்ரோவுக்காக எழுப்பிய தூண்கள் மேலே ஒன்றுமில்லாமல் வரிசையாக நின்றன. வானத்தைத் தூக்கி வைக்கத்தான் அவற்றைக் கட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மீட்டரில் ஒவ்வோர் எண்ணும் தூக்கக் கலக்கத்தில் புரள்வதுபோல மெதுவாக மாறியது. மாமா வீட்டு கேட்டில் இருபத்தாறு.

அப்பா எப்போதும்போல வண்டியை விட்டு இறங்கவில்லை. அம்மா எப்போதும்போல கேட் வரைக்கும் வந்தாள்.

"அம்மா, ரெண்டு கிலோமீட்டர் கம்மி ஆயிடுச்சு. நம்ம வீடு கிட்ட வந்துடுச்சு" என்றேன்.

அம்மா புரியாமல் அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, சக்கரம் மாற்றியதையும் மீட்டர் பிசகையும் சொன்னார். அவர்கள் இருவரும் பேசி நான் கேட்டு எத்தனையோ மாதங்களாகியிருந்தன. அதனால் இந்த மீட்டர் பேச்சே எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அம்மா முன்சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளங்கை கறுப்பானது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அப்போ இன்னும் கொஞ்சம் பெருசா போடச் சொல்லு உங்கப்பாவை" என்றாள் என்னிடம். அப்பா கையெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது அப்பா ஹப்சிகுடாவில் தினமும் திரும்புகிற திருப்பத்தை விட்டுவிட்டு நேராகப் போய்விட்டு, ரொம்ப தூரம் கழித்துத்தான் வண்டியைத் திருப்பினார்.

அடுத்த நாள் பள்ளி விட்டதும் என்னை ஏற்றிக்கொண்டு நேராக அதே டயர் கடைக்குப் போனார். வளைவுகளில் டயர் மட்கார்டில் லேசாக உரசிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்தேன். அப்பா அதைப் பற்றிப் பேசவே இல்லை. இதைவிடப் பெரியது இருக்கிறதா என்று கேட்டார்.

கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "நக்கோ சாப், வேணாம். இதுக்கு மேல போட்டா வண்டி உடம்பையே வெட்டணும்."

அப்பா சிரிக்கவில்லை. மீட்டர் ஏன் குறைத்துக் காட்டுகிறது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்த மனிதர், அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெட்டினா போடலாமா?" என்று கேட்டார்.

நான் பக்கத்தில் ஒரு பழைய டயருக்குள் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கடைக்குத் தூரத்தைக் குறைக்க வந்தவள் நான் ஒருத்திதான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன்.