வட்டார வழக்கு: ம. பிராங்கிளின்

பிராங்கிளினிடம் ஒரு படத்தைப் பற்றிக் கேட்டால் இரண்டே பதில்தான் கிடைக்கும். ஒன்று "கீது". மற்றது "இல்ல". சுமார், பரவாயில்லை, ஒரு தடவை பார்க்கலாம் என்பதெல்லாம் அவரிடம் கிடையாது. ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டி, நூறு நாள் ஓடினாலும், இல்லாத படம் இல்லாததுதான். பதினோரு வருடத்தில் "கீது" என்று அவர் சொன்ன படங்கள் ஒன்பது.

எர்ணாவூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் அவர் செக்கர். காலியாக வந்திறங்கும் பெட்டிகளைச் சுற்றி வந்து நசுங்கல், துரு, ஓட்டை எல்லாம் குறித்துக்கொள்ளும் வேலை. ஓட்டை பார்க்க ஒரு முறை உண்டு. பெட்டிக்குள் போய் நின்று வெளியே கதவைச் சாத்தச் சொல்ல வேண்டும். கும்மிருட்டில் எங்காவது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால், அந்த வழியாக மழைத்தண்ணீர் இறங்கும் என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடமாக, நாளைக்கு முப்பது தடவை இருட்டில் நின்று ஓட்டை தேடியவர், தியேட்டரிலும் வேறு எதையும் தேடவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் காட்சி. சனிக்கிழமை மதியத்துக்குள் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நிமிடக் குரல் பதிவு. குழுவில் இருப்பவர்கள் டிரெய்லர் லாரி ஓட்டுநர்கள். துறைமுகத்துக்குள் போவதற்காக எண்ணூர் விரைவு சாலையில் வரிசைகட்டி நிற்பவர்கள். சில நாள் ஆறு மணி நேரம், சில நாள் பதினாறு. நின்ற இடத்திலேயே சமைத்து, தூங்கி, சண்டை போட்டு, மீதி நேரத்தில் பிராங்கிளினைக் கேட்பார்கள். குழுவைத் தொடங்கியவர் காஜா மொய்தீன். அவரும் டிரெய்லர் ஓட்டுகிறவர்தான், பிராங்கிளினின் இருபது வருட தோஸ்து.

பதிவுகளில் இயக்குநர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார். எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். படத்துக்குப் படம் காசிமேட்டை ஆகாயத்திலிருந்து காட்டித் தொடங்குகிறவர் ட்ரோன்காரர். "மேலருந்து பாத்தா எல்லா ஊரும் அழகுதான் மாமு. கீழ எறங்கி வந்து அந்த ஐஸ் தண்ணில ஒரு தபா காலு வெக்கச் சொல்லு." கருப்பு வெள்ளைக் காலத்தில் கோர்ட்டு கோர்ட்டாகப் படம் எடுத்த ஒருவர் வக்கீலய்யா. "பத்து நிமிசம் நின்ன எடத்துலயே பேசறதுக்கு கேமரா எதுக்கு? ரேடியோ போதும்." டி.வி.யில் வரும் பழைய படங்களுக்கும் தீர்ப்பு உண்டு; பழசு என்பதற்காக அவர் எதையும் மன்னித்ததில்லை. ஆனால் அதே காலத்து இன்னொருவரை முதுகுக்காரர் என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கும். பிள்ளையைப் பறிகொடுத்தவள் அடுப்படியில் நிற்கும்போது அவள் முகத்தைக் காட்டாமல் முதுகை மட்டும் காட்டியவர் அவர். ஒன்பதில் மூன்று அவருடையவை.

அண்மைக்காலத்தில் தேறியது ஒன்றே ஒன்று. ஒரு வாட்ச்மேன் கடைசி பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறான், அவ்வளவுதான் கதை. எடுத்தவர் புதியவர், படம் நான்கு நாளில் தியேட்டரை விட்டுப் போய்விட்டது. பிராங்கிளின் அதற்கு ஏழு நிமிடம் பேசினார். "காத்துகினு நிக்கறவன எப்டி காட்டறான்னு பாரு. கடியாரத்தக் காட்டறானா, குறுக்கும் நெடுக்கும் நடக்க வுடறானா, அவன் டைரக்டர் இல்ல. இவன் ஒன்னும் செய்யல. அந்த ஆளு பாட்டுக்கு நிக்கிறான். நிக்கறவனுக்குத் தெரியும் அது இன்னான்னு." வரிசையில் நின்றிருந்த நாற்பது வண்டிக்காரர்களும் அந்தப் படத்தைத் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள்.

ஆனால் அவருடைய தீராத வழக்கு பாஷை பற்றியது. வடசென்னைக்காரன் வாயைத் திறந்தால் திரையில் ஒன்று ரவுடி, இல்லாவிட்டால் கோமாளி. இப்போது கதாநாயகனே இந்தப் பக்கத்து ஆள் என்று வந்துவிட்ட பிறகும் அது மாறவில்லை. "பஜ்ஜி மேல மொளகாத் தூளு தூவற மாதிரி நம்ம பேச்ச தூவறானுங்க" என்பார். இதை வருடத்துக்கு நான்கு தடவையாவது சொல்லிவிடுவார்.

போன வருடம் காஜாவின் அக்கா மகள் அனம், ராயபுரத்துக்கு அவரைத் தேடி வந்தாள். ஒரு படத்தில் உதவி இயக்குநராக இருந்தாள். கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவனின் வீட்டைப் பற்றிய படம். வசனங்களை இந்தப் பகுதி ஆள் ஒருவர் படித்துப் பார்த்தால் நல்லது என்று இயக்குநர் சொன்னாராம்.

"காஜா மாமு உங்க பேரத்தான் சொன்னாரு அங்கிள்."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், பூசை முடிந்ததும் டீக்கடையில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுத்தார். வசனங்கள் சப்பென்று இருப்பதாக அவருக்குப் பட்டது. மகன் வராத வீட்டில் அம்மா பேசும் ஒரு இடம்: "சோத்த மூடி வெச்சிடு. பூனை வாய வெக்கும்." இதை மயிலாப்பூரில்கூடச் சொல்வார்களே, இதில் காசிமேடு எங்கே என்று கேட்டார். அந்த வரி காசிமேட்டில் மீன் விற்கும் கன்னியம்மாவிடம் பேசிப் பதிவு செய்தது என்று அனம் சொன்னாள். "அந்தம்மா படத்துக்குன்னு டீஜென்டா பேசியிருக்கும்மா" என்று சொல்லிவிட்டு அந்த வரியை அடித்தார். மேலே எழுதினார்: "இன்னா நைனா, சோறு ஆறிகினு கீது, கஸ்மாலம் பூனை வேற குந்திகினு கீது." எழுதி முடித்ததும் அவருக்கே உடம்பு சிலிர்த்தது.

படம் போன வெள்ளிக்கிழமை வந்தது. திருவொற்றியூர்த் தியேட்டரில் ஒரு வரிசை முழுக்க அனம் இடம் பிடித்துக் கொடுத்திருந்தாள். பிராங்கிளின், மனைவி ஃப்ளோரன்ஸ், காஜா, கன்னியம்மா, இன்னும் சில ஓட்டுநர்கள். எழுத்து ஓடும்போது "வட்டார வழக்கு: ம. பிராங்கிளின்" என்று வந்ததும் ஓட்டுநர்கள் விசில் அடித்தார்கள். காஜா அவர் தொடையில் ஓங்கித் தட்டினார்.

படம் மெதுவாகத்தான் போனது. ஆனால் உண்மையாகப் போனது. வீட்டுக்குள் நேரம் கழிவதை அந்த இயக்குநர் எப்படியோ பிடித்திருந்தார். அடுப்பு அணைந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரர் என்று தெரிந்து, அம்மா திரும்பவும் உட்கார்ந்தாள். தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிராங்கிளினின் நாக்கு நுனிவரை "கீது" வந்துவிட்டது. அப்போது அம்மா அந்த வசனத்தைப் பேசினாள்.

"கஸ்மாலம்" என்ற சொல்லுக்குத் தியேட்டர் சிரித்தது. நல்ல சிரிப்பு. பிடித்து வைத்திருந்த மூச்செல்லாம் சிரிப்பாக வெளியே வந்தது. அதற்குப் பிறகு அந்த அம்மா எப்போது வாயைத் திறந்தாலும் கூட்டம் சிரிப்பதற்குத் தயாராக இருந்தது. இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த கன்னியம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இடைவேளையில் வந்து சொன்னாள்: "யாரு நைனா அந்த பொம்பள? சோக்கா தமாசு பண்ணுது."

பிராங்கிளின் சிரிக்க முயன்றார். பாப்கார்ன் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனவர், படம் மறுபடி தொடங்கி வெகுநேரம் கழித்துத்தான், வெறுங்கையோடு வந்தார்.

வீட்டுக்கு வந்தும் அவரால் உட்கார முடியவில்லை. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஃப்ளோரன்ஸ் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"தல சுத்துது. ஒரு எடமா குந்துங்க."

"அந்த நடிகை சரியில்ல. சொன்ன விதம் சரியில்ல."

"எப்டி சொன்னாலும் சிரிப்பாங்க. எளவு வூட்ல எவ கஸ்மாலம் கிஸ்மாலம்னு பேசிகினு இருப்பா? நீங்க கேட்டு கீறீங்களா?"

அவர் யோசித்தார். கேட்டதில்லை. அவர் வளர்ந்த வீட்டில் "இன்னா" என்றாலே அம்மா வாய் மேல் ஒன்று போடுவாள். ஜெபப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி பேச வேண்டும் என்பது அவள் சட்டம். கஸ்மாலத்தைத் தெருவிலும் அவர் கேட்டதில்லை. கேட்டது தியேட்டரில். கோமாளி பேசினான், கூட்டம் சிரித்தது, பத்து வயதுப் பையன் அதை வீட்டுக்குத் தெரியாமல் மனப்பாடம் செய்துகொண்டான்.

"உங்க பேரு பெருசா வந்துச்சே, அது போதாதா?" என்றாள் ஃப்ளோரன்ஸ். "எந்த வரி நீங்க எழுதனதுன்னு யாருக்குத் தெரியப்போவுது?"

அதுதான் அவரை அலைக்கழித்தது. யாருக்கும் தெரியாது. வழக்கம்போலப் பதிவை அனுப்பலாம். நல்ல படம், அந்த ஒரு இடத்தில் இயக்குநர் சறுக்கிவிட்டார் என்று சொல்லலாம். நாற்பது பேரும் நம்புவார்கள். நம்புகிறார்கள் என்பது மட்டும்தான் பதினோரு வருடத்தில் அவர் சேர்த்துவைத்தது. உண்மையைச் சொன்னால் அது என்னவாகும் என்று அவருக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை காசிமேட்டுக்குப் போனார். கன்னியம்மா சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். ஏலக்காரர்களின் சத்தத்துக்கு நடுவே குனிந்து விஷயத்தைச் சொன்னார். முதலில் அவளுக்குப் புரியவில்லை. அவர் பழைய வரியைச் சொல்லிக் காட்டினார்.

அவள் கையிலிருந்த கத்தி நின்றது.

"அது அவரு போட்ல போயி வராத அன்னிக்கி எங்க மாமியா சொன்னது" என்றாள். அவள் புருஷன் போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. "அதுக்கா நான் சிரிச்சேன்?"

"தப்பு என்னுதும்மா."

"நீ எழுதனே, செரி. சிரிச்சது நானுதான நைனா." மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் செதில் எடுக்க ஆரம்பித்தாள். "போ, யாவாரத்த கெடுக்காத."

அங்கிருந்து நேராக விரைவு சாலைக்கு ஸ்கூட்டரை விட்டார். ஓரமாக நிறுத்தி, ஒரு டிரெய்லர் நிழலில் நின்று பதிவு செய்தார். முதல் பதிவில் பாதிப் பழி நடிகைக்குப் போயிருந்தது. அழித்தார். இரண்டாவதில் அனம் ஒரு வார்த்தை தடுத்திருக்கலாம் என்று வந்தது. அழித்தார். மூன்றாவதைப் போட்டுக் கேட்டபோது தவறை ஒப்புக்கொள்வதே ஒரு அருமையான வசனம் மாதிரி இருந்தது. ஏற்றம், இறக்கம், நடுவில் ஒரு பெருமூச்சு. வக்கீலய்யா படத்தில் வைக்கலாம். அழித்தார். நான்காவது இருபத்து நான்கு வினாடி:

"பிராங்கிளின் பேசறேன். நேத்து படத்துல அந்தம்மா கஸ்மாலம் பூனைன்னு சொன்னப்ப எல்லாரும் சிரிச்சோம். அது டைரக்டர் எழுதல. நான் எழுதனது. மின்ன இருந்தது கன்னியம்மா வூட்டுப் பேச்சு. அத்த அடிச்சது நான்தான். இந்த வாரம் படத்தப் பத்தி சொல்ல எனக்கு யோக்கித இல்ல."

அனுப்பிவிட்டு, வரிசையில் காஜாவின் வண்டியைத் தேடிப்போய் கேபினுக்குள் ஏறினார். காஜா போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு டாஷ்போர்டில் போட்டார்.

"ஒரு வார்த்த. அதுக்குப் போயி இவ்ளோ பேஜாரா?"

"ஒரு வார்த்ததான்."

வரிசை நகர்ந்தது, காஜா வண்டியைக் கொஞ்சம் முன்னால் விட்டார்.

"அப்போ நீ இல்லன்னு சொன்னதெல்லாம்?"

"இன்னா அதுக்கு?"

"ரெண்டு வருசம் மின்ன ஒரு படம் வந்துச்சே, அப்பனும் பொண்ணும் லாரில போவாங்களே. என் பொண்ணு பாத்துட்டு ரெண்டு நாளு சோறு துன்னல. வாப்பா நீயும் பாருன்னுச்சு. நீ இல்லன்னு சொல்லிட்ட, நான் பாக்கல. லாரிக்காரன் நான், லாரிப் படத்த பாக்கல." அவர் திரும்பினார். "இன்னா தப்பு அதுல?"

பிராங்கிளின் யோசித்தார். அந்தப் படத்தில் அவருக்கு நினைவிருந்தது ஒன்றுதான்: லாரி மேட்டில் ஏறும்போது கியர் மாற்றும் சத்தம் தப்பு. அப்பனின் முகம், பெண்ணின் முகம், அவர்கள் எங்கே போனார்கள் என்பது எதுவும் வரவில்லை.

"திரும்பப் பாத்துட்டு சொல்றேன்."

"வேணாம் மாமு" என்றார் காஜா. கோபமாகச் சொல்லவில்லை. "நானே பாத்துக்கறேன். நீ எறங்கு, ஹார்பர் கேட்டு வந்துடுச்சி. உனக்குப் பாஸ் இல்ல."

வரிசை அன்றைக்கென்று வேகமாக நகர்ந்திருந்தது. பிராங்கிளின் இறங்கினார். டிரெய்லர் உள்ளே போயிற்று. ஸ்கூட்டர் எங்கோ பின்னால், ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி நின்றது. வெயிலில், வண்டிகள் வரும் திசைக்கு எதிராக, வரிசையை ஒட்டி நடக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு கேபினிலிருந்தும் ஒரு முகம் அவரைக் குனிந்து பார்த்தது. ஒருவர் கையைத் தூக்கினார். ஒருவர் போனைக் காதில் வைத்திருந்தார். யார் கேட்டுவிட்டார்கள், யார் இன்னும் கேட்கவில்லை என்று அவருக்குத் தெரியவில்லை.