உத்தரத்தைத் தட்டும் கலைவாணி

காலையில் தறிக்குழியில் இறங்குவதற்கு முன், கலைவாணி மேலே உள்ள உத்தரத்தைக் கம்பால் மூன்று தடவை தட்டுவாள். டங், டங், டங். பொதுச்சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருந்த கீர்த்தி பதினைந்து வருஷமாக அந்தச் சத்தத்தில்தான் கண் விழித்தாள். ஏன் தட்டுகிறாள் என்று கேட்டதில்லை.

ஆவணியில் கலைவாணிக்கு வீட்டுக்காரர் தர்மனிடமிருந்து நோட்டீஸ் வந்தது. முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். இடித்துவிட்டு லாட்ஜ் கட்டப் போகிறாராம். கூடவே ஒரு என்ஜினியரின் சான்று, ஆங்கிலத்தில். கலைவாணி அதைக் கீர்த்தியிடம் நீட்டினாள்.

"இன்னா போட்டுக்கிறான்? நீதான் பி.ஏ. ஆச்சே, படி."

"உத்தரம் டிகே ஆயிருக்குதாம். தரையும் டிகே ஆயி உள்வாங்கிடுச்சாம். மனுஷங்க இருக்க லாயக்கில்லையாம்."

"டிகேன்னா?"

பல் டாக்டரிடம் கேட்ட சொல்தான். ஆனாலும் கீர்த்தி செல்போனில் அகராதியைத் திறந்தாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஒரு சொல்லைக்கூடத் துணிந்து சொல்ல வரவில்லையே என்று தன்மேலேயே எரிச்சல்.

"கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப்போறது யக்கா. மரம், பல்லு, பழம், கட்டடம், எல்லாத்துக்கும் இதே வார்த்தைதான்."

"அதெப்படி? மரம் உளுத்துப்போவும். பல்லு சொத்தையாவும். பழம் அழுவும். பட்டு இத்துப்போவும். இவன் எதப் பாத்தான்? இங்க வந்து நின்னு சொல்லட்டும். எழுது."

புது வீடுகளில் எல்லாம் டைல்ஸ் தரை. குழி தோண்ட எவனும் விடமாட்டான். வீடு போனால் தறியும் போகும். புருஷன் செத்த பிறகு இரண்டு பெண்களை வளர்த்துக் கட்டிக்கொடுத்தது அந்தக் குழிதான். கீர்த்தி பதிலை எழுதி, நாலு தடவை திருத்தி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை தர்மன் என்ஜினியரோடு வந்தார். கலைவாணி தச்சர் ஷபியுல்லாவை வரவழைத்திருந்தாள்.

என்ஜினியர் உத்தரத்தைக் காட்டினார். "பாருங்க, எப்படி அரிச்சிருக்கு!"

"அது தறிக்கயிறு அறுத்த தடம் சார். எங்க மாமனார் காலத்துலேர்ந்து அறுக்குது."

"அப்ப தரை?" அவர் ஒரு போட்டோவை நீட்டினார். ஜன்னல் வழியாக எடுத்தது. மகளின் பிரசவத்துக்குக் கலைவாணி வாலாஜாபாத் போயிருந்த வாரம். தறிமேல் கோணி மூடியிருக்க, கீழே கருப்பாக ஒரு பள்ளம்.

"அடப்பாவி, அது நான் கால் வைக்கிற குழிப்பா! உள்ளயே வராம எழுதினியா?"

வாசலில் நின்ற தெருவே சிரித்தது. ஷபியுல்லா ஸ்டூலில் ஏறி உத்தரத்தில் துளை போட்டார். பொடி உதிரவில்லை. சிவந்த மரம் சுருள் சுருளாக வந்தது.

"உளுத்த மரம் கம்புக்கு பொத்துனு சொல்லும் சார். தெனம் கேட்டுக்கினுதான இருக்கேன்," என்றாள் கலைவாணி. கீர்த்திக்கு அன்றுதான் விளங்கியது.

என்ஜினியர் சான்றை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தர்மன் மட்டும் விடவில்லை. "கோர்ட்ல பாத்துக்கலாம்."

"வா. அங்கயும் கம்பு எடுத்துக்கினு வரேன்."

கேஸ் நடக்கிறது. தறியும் நடக்கிறது.

ஷபியுல்லா அன்று கூலி வாங்கவில்லை. மரத்தில் கோடு அடிக்க, தறியில் நீளவாட்டில் ஓடும் பாவின் கடைசியில் மிஞ்சும் பட்டுநூல் நாலு முழம் போதும் என்றார். தருகிறேன் என்றாள். ஆனால் பாவு முடியும்போது அவள் அந்த மிச்சத்தை அறுப்பதில்லை. அடுத்த பாவை அதோடு இழை இழையாகப் பிணைத்துவிடுவாள். தறியைக் கலைக்கும்போதுதான் அதை அறுப்பார்கள்.

"இன்னாம்மா, என் நூலு?" சைக்கிளை நிறுத்தாமலே கேட்பார்.

"இன்னும் பாவு முடியல பாய்!"

"கடன்காரி!" என்றபடி மணியடித்துக்கொண்டு போவார்.