பென்சிலில் எழுதிய மூன்று எண்கள்

எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தருகே பஸ்ஸை விட்டு இறங்கி, வெகு தூரம் தாண்டி, அத்திபெலே பக்கமாக நடந்துகொண்டிருந்தபோதுதான் சட்டைப் பைக்குள் அந்த டேப் துண்டு ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். காயத்துக்குப் பஞ்சு வைத்து ஒட்டுகிற வெள்ளைக் காகித டேப். விரல் நீளம். அதில் பென்சிலால் மூன்று எண்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. மல்லேஸ்வரத்தில் நான் வேலை பார்த்த டயாலிசிஸ் நிலையத்தை விட்டு மதியம் கிளம்பியிருந்தேன். ஓர் இடத்தை விட்டுப் போகும்போது கொஞ்ச தூரமாவது நடப்பது என் வழக்கம். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்ட நாளிலிருந்து அப்படித்தான். எந்த ஊரிலும் எந்த வேலையிலும் ஒரு வருடம் நின்றதில்லை. பார்த்துப் பார்த்தே கம்ப்யூட்டர் வேலை கற்றுக்கொண்டேன். அது எங்கே போனாலும் சோறு போட்டது. அன்று யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டியவள் ஒருத்தி இருந்தாள்.

நர்ஸ்கள் அவளை சிஸ்டம் மேடம் என்பார்கள். அவளுக்கு உதவியாளாக இருந்த நானும் அப்படியே கூப்பிட்டேன். எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் காலை ரயிலில் வருவாள். நிலையத்தில் எட்டு கம்ப்யூட்டர்கள். ஒவ்வொரு நோயாளியும் போன முறை என்ன எடையில் வந்தார், உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுத்தார்கள் என்பதெல்லாம் உள்ளறையிலிருந்த சர்வரில், டேட்டாபேஸில் இருக்கும். நர்ஸ்கள் திறந்து பார்க்கிற சாஃப்ட்வேர் ஒன்று. அதை டேட்டாபேஸோடு இணைக்கிற டிரைவர் இன்னொன்று. டேட்டாபேஸையும் சேர்த்து மூன்றுக்கும் தனித்தனிப் பதிப்பு எண். மூன்றும் ஒத்துப்போனால்தான் திரை திறக்கும். அந்த எண்களைத்தான் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் நெற்றியிலும் டேப்பில் எழுதி ஒட்டியிருந்தாள். பேனாவில் எழுதலாமே என்று ஒருமுறை கேட்டேன். "பேனால எழுதினா அதுவே நெலைன்னு நெனைச்சிக்குவோம்பா" என்றாள். புதுப் பதிப்பு வந்தால் முதலில் டேட்டாபேஸின் நகலை ஒரு பழைய மெஷினில் வைத்து ஓட்டிப் பார்ப்பாள். "மூணு பேரையும் கேக்கணும். ஒருத்தன் மாட்டேன்னாலும் விட்டுடணும்." எல்லாம் சரியென்றால்தான், நோயாளிகள் வராத ஞாயிற்றுக்கிழமையில் எட்டு மெஷினிலும் ஒரே மூச்சில் ஏற்றுவாள்.

இவ்வளவும் போதாதென்று, மறுநாள் வரப்போகிறவர்களின் விவரங்களைத் தினமும் மாலையில் தாளில் அச்செடுத்து மேசைக்குள் வைத்துவிட்டுப் போவாள். "கம்ப்யூட்டரை நம்பாத சிஸ்டம் மேடம் ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்" என்று கிண்டல் செய்தேன். "உன்னையுந்தான் நம்பல. அதுக்குன்னு சோறு போடாமலா கீறேன்?" என்று டப்பா மூடியில் பாதிச் சாப்பாட்டை என் பக்கம் தள்ளினாள். ஏழு மாதம் அந்த மூடியில் சாப்பிட்டேன். அவள் ஊரில் சுரங்கம் மூடியபின் ஆண்கள் ஒவ்வொருவராக ரயிலேறிப் போனதைச் சிறுமியாக இருந்து பார்த்தவள். "போறவன் மூஞ்சி எனக்குத் தெரியும். உனக்கு அந்த மூஞ்சிதான். போறதுன்னா சொல்லிட்டுப் போ, அவ்ளோதான்" என்று ஒருநாள் சொன்னாள். அந்த முறை நான் போக நினைக்கவில்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

அந்த வியாழக்கிழமை அவள் ரயில் தாமதம். பழைய பதிப்பு அடிக்கடி நின்றுபோகிறது என்று நர்ஸ் அலுத்துக்கொண்டாள். புதியது வந்து ஒரு வாரமாகியிருந்தது. மேடம் இன்னும் சோதித்துக்கொண்டிருந்தாள். அவள் வந்து இறங்குவதற்குள் முடித்துவைத்தால் முகம் எப்படி மலரும் என்று எனக்கு ஓர் ஆசை. கவுண்டர் மெஷினிலிருந்த டேப்பை உரித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு புதியதை ஏற்றினேன். 'டேட்டாபேஸை மாற்றவா?' என்று திரை கேட்டது. சரி என்று அழுத்தினேன். அந்த ஒரு மெஷினைத்தான் கேட்கிறது என்று நினைத்தேன். அது எல்லோருக்கும் பொதுவான டேட்டாபேஸையே மாற்றிவிட்டது. மற்ற ஏழும், உங்கள் பதிப்பு பழையது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டன. பதறி அவற்றிலும் புதியதை ஏற்றப் பார்த்தேன். இரண்டு பழைய மெஷின்கள் புது டிரைவரை ஏற்கவே இல்லை. நாற்காலிகளில் பதினோரு பேர் காத்திருந்தார்கள். யாருக்கு எவ்வளவு நீர் எடுப்பதென்று பார்க்க வழியில்லை.

அவள் உள்ளே வந்தாள். கவுண்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கையை மடியில வெச்சிக்கினு உக்காரு. ஒண்ணுத்தையும் தொடாதே." அவ்வளவுதான். மேசையைத் திறந்து அச்செடுத்த தாள்களை நர்ஸ்களுக்குப் பங்கிட்டு, அதிலேயே எழுதச் சொன்னாள். முணுமுணுத்த பெரியவரிடம் "ஸ்வல்ப இரி சார், பந்தே" என்று, கொஞ்சம் பொறுக்கும்படி கன்னடத்தில் சொல்லிச் சிரித்தாள். எல்லோருக்கும் சிகிச்சை தொடங்கியபின், முந்தைய நாளின் டேட்டாபேஸ் நகலை சர்வரில் ஏற்றி, பழைய பதிப்பைத் திரும்ப வைத்தாள். மதியத்துக்குள் எட்டும் திறந்தன. பிறகு தாளில் எழுதியதை அவள் வாசிக்க, நான் தட்டினேன். எடை, அழுத்தம், நீர், அடுத்த பெயர். அந்தக் குரலை வேறெதற்காகவும் அத்தனை நேரம் பக்கத்திலிருந்து கேட்டதில்லை.

மறுநாள் மேனேஜர் கேட்டபோது, "நான்தான் சார் போடச் சொன்னேன்" என்றாள். "அப்படின்னா இனிமே சாஃப்ட்வேர் கம்பெனி ஆளே பாத்துக்கட்டும். சர்வர் நோட்டைக் குடுத்துடுங்க" என்றார் அவர். சர்வரில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவந்த அந்த நோட்டில் அவளுடைய நான்கு வருடம் இருந்தது. அதை மேசைமேல் வைத்து, பென்சிலையும் அதன்மேல் வைத்தாள். நான் கதவருகே நின்றேன். அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் அவள் டப்பாவைக் கழுவப் போயிருந்தபோது கிளம்பிவிட்டேன். மூடியில் எனக்கான பாதி அப்படியே இருந்தது.

பட்டினி கிடந்திருக்கிறேன், பஸ் நிலையத்தில் படுத்திருக்கிறேன். அவை பெரிய விஷயமில்லை. இத்தனை வருடங்களுக்குப் பிறகும், எந்த மெஷினின் நெற்றியைப் பார்த்தாலும் ஒரு வெள்ளை டேப்பைத் தேடுகிறேனே, அதுதான் ஆறவில்லை.

அன்று கிளம்பிய மறுநாள் காலை அத்திபெலேயில் ஒரு லாரி பார்சல் ஆபீசில் வேலை கேட்டு நின்றேன். உள்ளே போகுமுன் மேனேஜருக்கு போன் செய்தேன். "அன்னைக்குப் போட்டது நான் சார். மேடம் அப்ப ரயில்ல இருந்தாங்க." "ஓ... சரி" என்று வைத்துவிட்டார். நோட்டு அவளிடம் திரும்பியதா என்று எனக்குத் தெரியாது. அவளைக் கூப்பிட விரல் வரவில்லை.

பார்சல் ஆபீஸ் முதலாளி மூன்று கம்ப்யூட்டர்களைக் காட்டினார். "சாஃப்ட்வேர் புதுசு ஒண்ணு அனுப்பிகீறாங்க. இப்பவே போட்டுடுறியா?"

"வேணாம்ணே. மூணையும் மொதல்ல பாக்கறேன். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, லாரி இல்லாதப்ப போடலாம்."

"நாளைக்கு இருப்பியா? மூஞ்சியப் பாத்தா ஓடிப்போற ஆளாட்டம் கீறே."

இருப்பேன் என்றேன். பையிலிருந்த டேப்பை எடுத்தேன். பசை போயிருந்தது, எண்கள் அழியவில்லை. அதை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, ஒரு பென்சில் கிடைக்குமா என்று கேட்டேன்.