கடப்பாக்கத்தில் ஒரு மதராஸ் தெரு

கரீம் பாய் இறந்த செய்தி ஒட்டுப்பலகை லாரியோடு வந்தது. படாளத்து ஓட்டுநர் இறங்கியதும் இறங்காததுமாக, "அண்ணாத்த, சரக்க அப்பறம் எறக்கிக்கலாம். செங்கல்பட்டுல பாய் பூட்டாரு" என்றார். கையிலிருந்த தூரிகையை வீசி எறிந்தேன். துக்கம் மட்டுமல்ல, ஆத்திரமும். அவருக்குச் சேர வேண்டியது சேராமலே போய்விட்டாரே!

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாய் சினிமாவில் கலை இயக்குநர். அவர் கட்டிய செட்டுகளுக்கு வர்ணம் பூசிய ஆரோக்கியம் நான். எழுபதுகளின் தொடக்கத்தில், மதராஸ் சந்து ஒன்றில் நடக்கும் கதைக்காக எங்களை அழைத்தார்கள். கதாநாயகர் நிஜத் தெருவில் கால் வைத்தால் ஊரே கூடிவிடும். ஆகவே கடப்பாக்கத்துச் சவுக்குத் தோப்பை ஒட்டிய மணலில் முழுத் தெருவையும் கட்டச் சொன்னார் தயாரிப்பாளர்.

கட்டி முடித்தோம். நான் பெருமையோடு நின்றேன். பாய் சுற்றிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"கல்யாண வூடு மாதிரி கீது. இதுல யாரு ஆரோக்கியம் குடியிருப்பாங்க?"

மறுநாளே பக்கத்து மீனவர் குடும்பங்களை அழைத்து வந்து, படப்பிடிப்பு தொடங்கும்வரை அங்கேயே குடியிருக்கச் செய்தார். சுவரில் அடுப்புப் புகை ஏறியது. ஜன்னல்களில் துணி காய்ந்தது. பிள்ளைகள் கரியால் கிறுக்கினார்கள். என் வர்ணம் நாசமாகிறதே என்று நான் புலம்பினேன். அவர் வெற்றிலையை மென்றபடி ரசித்துக்கொண்டிருந்தார்.

ஓர் அம்மாள் அவரை மறித்தார். "இன்னா பாய், கொழாய வெச்சிட்ட, தண்ணிய காணோமே?"

"மெட்ராஸ்லயும் வர்ல தாயி. கேமரா வர்ற வரைக்கும் இப்டியே திட்டிகினு இரு!"

படம் பிரமாதமாக ஓடியது. பாயின் பெயர்தான் திரையில் இல்லை. 'மதராஸ் வீதிகளிலேயே படமாக்கப்பட்டது' என்று சுவரெல்லாம் விளம்பரம். கேட்கப் போனோம்.

"செட்டுன்னு சொன்னா எவன் பாய் பார்ப்பான்? அடுத்த படத்துல கொட்டை எழுத்துல போடறேன்" என்றார் தயாரிப்பாளர்.

அந்த அடுத்த படம் வரவேயில்லை. ஆனால் அதைவிடக் கொடுமை ஒன்று வந்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, எல்லாரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு நிஜத் தெருவுக்குக் கிளம்பிவிட்டார்கள். பாய்க்கு வேலை குறைந்தது, பிறகு நின்றே போனது. மாமல்லபுரத்தில் படமெடுத்துக்கொண்டிருந்த புது இயக்குநர் ஒருவரிடம் வேலை கேட்டுப் போனோம்.

"இப்ப யாருங்க செட்டு போடறாங்க? அந்தப் படத்தப் பாருங்க, நேரா தெருவுலயே எடுத்துகீறாங்க."

"யோவ், அது நான் கட்டின தெருய்யா!"

"சும்மா கத வுடாதீங்க பாய்" என்று அவர் சிரித்தார். எதைக் காட்டுவது? படம் முடிந்த கையோடு தெருவைப் பிரித்து, பலகைகளை வேறு யாருடைய அரண்மனை செட்டுக்கோ ஏற்றிவிட்டார்கள்.

திரும்பும் பேருந்தில் பாய் ஜன்னல் வழியே ஓடும் வீடுகளையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "கொஞ்சம் கோணலா கட்டிருந்தா பொழச்சிருப்பேன் ஆரோக்கியம்" என்றார். நானும் என்னென்னவோ ஆறுதல் சொன்னேன். எதுவும் எடுபடவில்லை.

நேற்று அடக்கத்துக்கு அதே தயாரிப்பாளரும் வந்திருந்தார். என் தோளில் கைவைத்து, "பெரிய கலைஞர். என்ன செய்ய, காலத்தோட மாறத் தெரியல. கடைசி வரைக்கும் செட்டு செட்டுன்னே இருந்துட்டார்" என்றார். அடப்பாவி! நான் வாயைத் திறப்பதற்குள் ஜனாஸாப் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். தோள் கொடுத்துக்கொண்டே சண்டை போட முடியுமா?

அடக்கத்தலத்தில் ஒவ்வொருவராக மண் போட்டார்கள். என் முறை வந்தபோது கை நிறைய அள்ளிக்கொண்டு, அங்கிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "பாய், அந்தத் தெரு நீங்க கட்டினது."

தயாரிப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் ஒரு பிடி மண் போட்டார். ஆமாம் என்று மட்டும் சொல்லவில்லை.

போய் வாருங்கள், பாய்.