புளி போட்டுத் தேய்த்த டாங்கி

எண்ணெய் டாங்கியைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த ஆள் இந்த மலையில் நான் ஒருத்தன்தான் இருப்பேன். இப்போது சொல்லிச் சிரிக்க முடிகிறது. அன்றைக்குச் சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

அது மலாய் நாட்டில் ஜப்பான்காரன் காலம். வெள்ளைக்காரத் துரை போன பிறகு எங்கள் தேயிலைத் தோட்டத்தை ஒரு ஜப்பான் ஆபிசர் நடத்தினார். பேக்டரியில் இஞ்சின் ஓட்டுவது என் வேலை. பேக்டரிக்குப் பின்னால், செங்கல் தூண்களின் மேல், இஞ்சினுக்கு எண்ணெய் கொடுக்கும் டாங்கி படுத்திருக்கும். மாதம் ஒருமுறை அதைச் சோதித்து, எப்படி இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ரிப்போர்ட்டில் பொய் இருந்தால் இஞ்சின்காரன் பேர் சயாம் லிஸ்டில் ஏறும் என்று ஆபிசர் முதல் நாளே சொல்லிவிட்டார். சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர்களில் ஒருவர்கூட அதுவரை எங்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்பி வரவில்லை. இது நடந்தபோது என் மனைவிக்கு ஆறு மாதம்.

இவ்வளவு தெரிந்தும் நான் சோதித்த லட்சணத்தைக் கேளுங்கள். போகிற போக்கில் சுத்தியலால் ஒரு தட்டு. அப்புறம் ஆபீஸ் ஜன்னல் வழியாக, கணக்கு எழுதும் கிராணியிடம், நன்றாக இருக்கிறது என்று ஒரு கத்தல். அவரும் போன மாதக் காகிதத்தைப் பார்த்து மலாயில் அப்படியே எழுதுவார். ஒழுகல் இல்லை, துரு இல்லை, எல்லாம் ‘பாய்க்’, அதாவது நல்லது. ஆபிசருக்கும் எங்களுக்கும் பொதுவாகத் தெரிந்த பேச்சு மலாய்தான்.

ஆயுத பூசை வந்தது. பொரி இல்லை, கடலை இல்லை. அவித்த மரவள்ளிக்கிழங்குதான் படையல். இருந்தாலும் இஞ்சின், ஸ்பானர், செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தோம். அதோடு விட்டிருக்கலாம். டாங்கி மட்டும் என்ன பாவம் செய்தது என்று கேட்டவன் நான்தான். வீட்டில் மிச்சமிருந்த புளியையும் அடுப்புச் சாம்பலையும் தூக்கிக்கொண்டு வந்து, குத்துவிளக்கைத் தேய்ப்பது போலத் தேய்த்தேன். அடியில் இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் துரு பொருக்குத் தட்டி நின்றது. அதையும் விடாமல் சுரண்டினேன். பிறகு விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம். என் மனைவி பார்த்துவிட்டு, கல்யாணத்தன்று தான்கூட இவ்வளவு அழகாக இல்லை என்றாள்.

மறுநாள் காலையில் டாங்கிக்கு அடியில் மண் கறுத்திருந்தது. குனிந்து பார்த்தால் சொட்டு, சொட்டு. இத்தனை நாளும் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்ததே அந்தத் துருப் பொருக்குதான்! பூசை என்ற பேரில் என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். வாளியை அடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே கிராணி நிற்கிறார். மத்தியானம் ஆபிசர் வருகிறாராம்.

பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் மரக்கறி ஏற்றும் லோரி டிரைவர் ஒருவர், எண்ணெய் ஒழுகினால் சலவை சோப்பைப் பிசைந்து அடைப்பதைப் பார்த்திருக்கிறேன். சோப்பு எண்ணெயில் கரையாது. ஆனால் சோப்புக்கு எங்கே போவது? ஜப்பான் சண்டை வந்ததிலிருந்து சாம்பலில்தான் துணி துவைத்தோம். எனக்குத் தெரிந்து ஒரே ஒரு துண்டு எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்தது. சண்டைக்கு முன்னால் பாய் கடையில் வாங்கியது. பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று என் மனைவி துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

ஓடிப்போய்க் கேட்டேன். பணிவாகக் கேட்க வெட்கமாக இருந்தது, அதனால் அதட்டினேன். என் புத்தி அப்படி. அவள் பதிலுக்குக் கத்தவில்லை. பெட்டியைத் திறந்து, துணியைப் பிரித்து, சோப்பை ஒருமுறை மோந்து பார்த்தாள்.

“பிள்ளைய மொதமொதல்ல குளிப்பாட்டன்னு வச்சிருந்தேன். நீங்க சயாமுக்குப் போய்ட்டா இத வச்சிக்கிட்டு நான் என்னா செய்யறது? பிடிங்க லா, போங்க.”

டாங்கிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். சாக்கு நூலோடு சோப்பைப் பிசைந்து ஓட்டையில் திணித்து, மேலே துணி வைத்துத் தார் பூசினேன். சொட்டு நின்றது. படுத்தபடியே மற்ற இடங்களையும் கையால் தடவிப் பார்த்தேன். இன்னும் இரண்டு இடத்தில் தகடு காகிதமாய் மெலிந்திருந்தது. வேலைக்கு வந்து இத்தனை காலத்தில் டாங்கியின் வயிற்றை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எனக்கே அவமானமாக இருந்தது.

கிராணி வழக்கம்போல ‘பாய்க்’ எழுதி வைத்திருந்தார். தார் தெரியாமல் இன்னும் கொஞ்சம் சந்தனம் அப்பிவிடு என்றார். பிள்ளையின் சோப்பை வைத்து இன்னொரு பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“ஒழுகிச்சுன்னு எழுதுங்க ஐயா. எங்க ஒழுகிச்சு, எத வச்சு அடச்சேன், இன்னும் எங்க ஒழுகப் போவுது, எல்லாத்தையும் எழுதுங்க.”

“நீயா போயி லிஸ்டுல ஏறுறியாடா?” என்றார். ஆனாலும் எழுதினார்.

ஆபிசர் காகிதத்தை நின்றபடி படித்தார். பூட்ஸைக் கழற்றாமல் டாங்கிக்கு அடியில் ஊர்ந்து போனார். வெளியே வந்து விரலை மோந்தார். திடீரென்று ஏன் ஒழுகியது என்று என்னைக் கேட்டார். பூசையையும் புளியையும் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் விபூதிப் பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து எங்கள் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து டாங்கியின் மேல் வரிசையாக வைத்தார். எல்லாம் ஒரே எழுத்து, ஒரே வரி.

“மழையில் நிற்கும் பழைய இரும்பு எல்லா மாதமும் பாய்க்காக இருக்காது. இன்று உன் பேரை லிஸ்டில் எழுதிக்கொண்டு போகத்தான் வந்தேன். இன்றைக்குத்தான் நீ டாங்கியைப் பார்த்திருக்கிறாய்” என்றார் மலாயில்.

பழைய காகிதங்களைக் கிழித்து என் கையில் கொடுத்தார். தகடு அனுப்புவதாகச் சொன்னார். காரில் ஏறும்போது, அடுத்த பூசைக்குப் புளி வேண்டாம் என்றார். கிராணி அவர் போன பிறகும் தலையாட்டிக்கொண்டே நின்றார்.

அதே வாரம் தோட்டத்தின் கீழ் டிவிஷனிலிருந்து இரண்டு பேரைச் சயாமுக்கு லோரியில் ஏற்றிப் போனார்கள். ஒருவர்தான் திரும்பி வந்தார். அதை நினைத்தால் என் சிரிப்பு இன்றும் பாதியில் நின்றுவிடுகிறது.

தை மாதம் மகள் பிறந்தாள். பக்கத்து வீட்டு அக்கா குழந்தையைக் காலில் கிடத்திக்கொண்டு, ஒரு துண்டு சோப்புகூட இல்லையே என்று குறைபட்டார். உள்ளே படுத்திருந்த என் மனைவி குரல் கொடுத்தாள்:

“சோப்பு இல்லாட்டி என்னாக்கா? தண்ணி ஊத்த அவ அப்பா இருக்காருல்ல.”

செம்பில் வெந்நீரை மொண்டு ஊற்றினேன். மகள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில், பாதித் தண்ணீர் அக்காவின் சேலையில் போயிற்று.