மூன்று வெள்ளைப் புள்ளிகள்

அத்தையின் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், மாமாவின் வயிற்றை ஸ்கேன் எடுத்த படம் இன்னும் இருக்கிறது. அதில் ஈரல் தார் பூசியதுபோல் இருண்டு கிடக்கும். நடுவே மூன்று வெள்ளைப் புள்ளிகள். அவற்றை முதன்முதலில் பார்த்தபோது உண்டான அதிர்ச்சி இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். நான் அப்போது ஆய்வு மாணவி. நானோ துகள் என்று சொல்கிறோமே, கண்ணுக்கே தெரியாத அந்த இரும்புத் துகளை எலிக்கு ஏற்றி, ஈரலில் புற்று இருக்கிறதா என்று தேடுவது என் வேலை. விடுமுறைக்கு வந்தபோது மாமாவுக்குப் பெருமையாக விளக்கினேன். நல்ல ஈரல் துகளை விழுங்கிவிடும், படத்தில் கருப்பாகத் தெரியும். புற்று விழுங்காது, வெள்ளையாகவே நிற்கும். “அப்ப மாட்டுக்கு லாடம் மாதிரி ஈரலுக்கும் இரும்பா?” என்று சிரித்தார். காதில் வாங்கவே இல்லை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறு வருடம் அவருக்கு வயிறு வீங்கியது. திருச்சியில் அதே வகைத் துகளை ஊசியில் ஏற்றிப் படம் எடுத்து, டாக்டரைப் புதன்கிழமை பார்க்கச் சொன்னார்கள். மூவரும் திரும்பிய பஸ்ஸில் அத்தை படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “பூரா கருத்துப் போச்சே பாப்பா” என்று விசும்பியவர், சட்டென்று முகம் மலர்ந்தார். “இந்தா, மூணு எடம் வெள்ளையா நல்லாருக்கு பாரு. காளி காப்பாத்திட்டா.” எலிகளில் எத்தனையோ முறை பார்த்த படம் அது. படத்தை வாங்கி உறைக்குள் போட்டேன். அன்று திங்கட்கிழமை, வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே திறக்கும் காளி கோயில் திறந்திருக்கும் என்று அத்தை வழியில் சிறுவாச்சூரில் எங்களையும் இறங்கவைத்து, தேங்காய் உடைக்கப் போனார்.

டீக்கடை வாசலில் மாமாவும் நானும் நின்றோம். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், “நல்லதுதான இரும்ப முழுங்கும்னு சொன்ன?” என்றார். ஒரு எழுத்து விடாமல் நினைவில் வைத்திருந்தார்.

“அந்த வெள்ளைக்குள்ள போயி அதக் கொல்ற தூளு இருக்கா?”

“எலிக்குத்தான் குடுத்துப் பாத்துட்டிருக்கோம் மாமா.”

“சரி வுடு. அவ சாமி கும்புட்டுட்டு வரட்டும். ஒண்ணும் சொல்லாத.”

புதன்கிழமை டாக்டரிடம் அவர் தனியாகத்தான் பேசினார். தைப்பொங்கலுக்கு அவர் இல்லை.

போன மாதம் ஊருக்குப் போனபோது அத்தை அந்தப் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“இந்த மூணு எடம் மட்டும் கடைசி வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு பாப்பா?”

“ஆமா அத்தை” என்றேன்.