என் பெயர் ஒட்டிய புட்டி

அன்றைக்கு நான் வெற்றிலை போட்டிருக்கவில்லை. ஆனாலும் துப்பியது சிவப்பாக இருந்தது.

திருவண்ணாமலைக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் நடுவே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸுக்கு அப்போது நான் டிரைவர். வயது நாற்பத்தாறு. அதற்கு முன்னால் பட்டாளத்தில் லாரி ஓட்டியவன். எழுபத்தொன்றாம் வருடச் சண்டையில் குண்டு விழும் ரோட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே வண்டி ஓட்டியதாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். அந்த வீரன், பஸ் ஷெட் சுவரோரம் கால் ரூபாய் அகலத்துக்கு ரத்தத்தைப் பார்த்ததும் காலால் மண்ணைத் தள்ளி மூடினான். பிறகு கோழி திருடியவனைப் போலச் சுற்றும் முற்றும் பார்த்தான்.

வீட்டுக்கு வந்தபோது துண்டில் ஒரு கறை மிச்சமிருந்தது. என் மனைவி சரோஜா கேட்டாள்.

"இன்னாங்க இது செவப்பா?"

"வெத்தல."

"எப்பத்திலேந்து?"

"இன்னிக்கிலேந்து."

ஒரு பொய் சொன்னால் அதற்குத் தீனி போட வேண்டும். அன்றிலிருந்து நிஜமாகவே வெற்றிலை போட ஆரம்பித்தேன். ரத்தத்தை மறைக்க ரத்த நிறத்தில் ஒரு பழக்கம். நாக்கு வெந்தது, சாப்பாடு காரமாகக் குத்தியது. ஆனால் துப்பியதைப் பார்த்து இது எது அது எது என்று எனக்கே தெரியாமல் போனது பெரிய நிம்மதி. இப்படி ஒரு வைத்தியத்தை நான்தான் கண்டுபிடித்தேன். நீங்கள் யாரும் பின்பற்ற வேண்டாம்.

இருமலுக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது. லீவு நாட்களிலும் வண்டி எடுப்பதற்கு முந்தைய காலை வேளைகளிலும் நான் எங்கள் இல்லத்தில் கிடப்பேன். வீடு வாசல் இல்லாத பழைய பட்டாளத்துக்காரர்களுக்கான இல்லம் அது. நடத்தியவர் சுபேதாராக ஓய்வுபெற்ற கரீம் சாயபு. தலைமுறை தலைமுறையாக இந்த ஊரில் வியாபாரம் செய்த குடும்பம். அவர்களுடைய பழைய மல்லாட்டை (வேர்க்கடலை) கிடங்கைத்தான் இல்லமாக மாற்றியிருந்தார். சாக்கு அடுக்கிய இடத்தில் பதினாறு பேர் படுத்தார்கள். எவ்வளவு கூட்டினாலும் சுவரிலிருந்து மல்லாட்டைத் தோல் தூசி உதிரும். ஆகவே என் இருமலுக்கு மல்லாட்டை பொறுப்பு என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அந்தப் பதினாறு பேரை நாங்கள் கண்டுபிடித்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். இந்த ஊரில் ஒரு காவி வேட்டி கட்டிவிட்டால் யாரும் பேர், ஊர் கேட்க மாட்டார்கள். சோறும் போடுவார்கள், சிலர் காலிலும் விழுவார்கள். நிலத்தை அண்ணன் தம்பிக்கு இழந்தவன், பெண்டாட்டி கதவைச் சாத்தியவன், குடித்தே பென்ஷன் புத்தகத்தைத் தொலைத்தவன் எல்லாம் கிரிவலப் பாதை மண்டபங்களில் சாமியார்களோடு சாமியாராகக் கலந்துவிடுவார்கள். பட்டாளத்தில் இருந்தேன் என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். மானம்.

சாயபு விடிந்ததும் போய் அந்த வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டு, அடிவயிற்றிலிருந்து, "சாவ்தான்!" என்று ஒரு குரல் கொடுப்பார். பரேடில் விறைத்து நிற்கச் சொல்லும் இந்தி உத்தரவு அது. பத்துச் சாமியார் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவன் மட்டும் திரும்ப மாட்டான். அவன் குதிகால் இரண்டும் தானாக ஒட்டிக்கொள்ளும். அவனைக் கூட்டி வருவோம்.

ராஜமாணிக்கம் அப்படிக் கிடைத்தவன். கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஆள். இல்லத்திலேயே திடகாத்திரமானவன். சமையலுக்கு விறகு பிளப்பது அவன் வேலை. நானும் அவனும் ஒரே பீடியைப் பகிர்ந்து இழுத்தவர்கள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

சாயங்கால ஜுரம் தொடங்கி, காக்கிச் சட்டை தோளில் தொங்க ஆரம்பித்ததும் சரோஜா என்னை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா முதுகில் தட்டிப் பார்த்தார். எக்ஸ்ரேவுக்கு எழுதினார். பிறகு என் பெயர் ஒட்டிய ஒரு சின்னப் புட்டியைக் கொடுத்தார். கோழைப் பரிசோதனை (காலையில் எழுந்ததும் நெஞ்சிலிருந்து வரும் சளியை எடுத்து, காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பூதக்கண்ணாடிக் கருவியில் பார்ப்பது).

"நாளைக்குக் காலைல எந்திரிச்சதும் மொதல் கோழை. மூடி போட்டு எடுத்தாங்க."

பட்டாளத்துக்காரனுக்கு எதிரியைவிட டாக்டர்தான் பயம். அங்கே உடம்புக்கு ஒரு தரம் எழுதுவார்கள். தரம் இறங்கினால் யூனிட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள். அதனால் பரிசோதனையில் தேறமாட்டோம் என்று சந்தேகம் வந்தால், கூடப் படுப்பவன் புட்டியை நிரப்பிக் கொடுப்பது எங்களுக்குள் வழக்கம். உதவி என்றுதான் அதற்குப் பெயர். டி.பி. என்று தெரிந்தால் பஸ் முதலாளி மறுநாளே சாவியைப் பிடுங்கிவிடுவார். எக்ஸ்ரேவுக்கு மார்பை இரவல் வாங்க முடியாது. கோழையை வாங்கலாம்.

மறுநாள் காலையில் புட்டியோடு ராஜமாணிக்கத்திடம் போனேன். அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

"டேய் பெருமாளு, துப்பறதுக்கே ஆள் வெச்சுக்கிற அளவுக்குப் பெரிய மனுஷனாயிட்டியா?"

"பேசாம துப்புடா. அண்ணாமலையார் ஊர்ல பெருமாள்னு பேர் வெச்சுக்கினு இருக்கேன், எனக்கு நல்லது நடக்குமா? நீதான் காப்பாத்தணும்."

அவன் சிரித்துக்கொண்டே காறித் துப்பினான். மூடியை இறுக்கி, சல்யூட் அடித்து, என் கையில் கொடுத்தான்.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"கிருமி இருக்குங்க பெருமாள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே வந்தது. "சரியாப் பாத்தாங்களாம்மா? புட்டி கிட்டி மாறியிருக்கப் போவுது."

"உங்க பேரு ஒட்டியிருக்கு. எக்ஸ்ரேலயும் வலது பக்கம் மேல நிழல் இருக்கு. ஏன், உங்க கோழைதானே இது?"

அந்த அறையில் ஒரு காற்றாடி கரகரவென்று சுற்றியது நினைவிருக்கிறது. வாயில் வெற்றிலை இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல எந்தத் தடையும் இல்லை.

"என்னுதுதாம்மா."

நிழல் என்னுடையது. கிருமி அவனுடையது. ஒரே சீட்டில் இரண்டு பேர் நோய். மருந்து மட்டும் ஒருவனுக்கு எழுதப்பட்டது. "கூட சாப்புடறவங்க, படுக்கறவங்க யாருக்காச்சும் இருமல் இருந்தா கூட்டியாங்க," என்றார் டாக்டரம்மா. சரோஜாவைக் கூட்டிப் போனேன். அவளுக்கு ஒன்றும் இல்லை. அதோடு கடமை முடிந்தது என்று வைத்துக்கொண்டேன்.

பஸ்ஸுக்கு மஞ்சள் காமாலை என்று லீவு சொல்லியனுப்பினேன். தினமும் ஒரு ஊசி, கைநிறைய மாத்திரை. ஊசி போட்டுக்கொண்டு நேராக இல்லத்துக்குப் போய், இருமலில்லாத நேரமாகப் பார்த்து வாசலில் உட்கார்ந்து ராஜமாணிக்கம் விறகு பிளப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கோடாலி ஒரே வீச்சில் இறங்கும். இவனுக்கா நோய், பரிசோதனைதான் தப்பு என்று ஒரு நாள். வெள்ளிக்கிழமை கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்று ஒரு நாள். அவன் நன்றாகச் சிரித்துக்கொண்டிருக்கிறான், கெடுப்பானேன் என்று ஒரு நாள். சொன்னால் புட்டி மாற்றியது சாயபுவுக்குத் தெரியும், அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்பது எல்லா நாளும். இப்படியே பதினோரு நாள். அத்தனை நாளும் என் உடம்பில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. எனக்குப் பசிகூட எடுக்க ஆரம்பித்துவிட்டது.

பதினோராவது நாள் விறகு அடுக்குக்குப் பின்னால் இருமல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வாயைத் துடைத்த துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தான். கோழி திருடியவனின் அதே பார்வை.

சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவன் கோடாலியைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"அப்ப ஊசி உனக்கு, பூச்சி எனக்கா? நல்லாத்தான் பங்கு பிரிச்சிருக்க. எங்க அண்ணன் தம்பிகூட இப்பிடிப் பிரிக்கல."

"நாளைக்குக் காலைல சேந்து போலாம்டா. ஊசி வலிக்கல. ஒண்ணரை வருஷம் விடாம மருந்து சாப்ட்டா போயிடும்னு டாக்டரம்மா சொல்லுது."

"சாயபுகிட்ட சொன்னியா?"

"சொல்லிடலாம். அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"அவரு சொல்ல மாட்டாரு. பக்கத்துல படுக்கறவன் பாயை நகத்துவான். அதைப் பாத்துக்கினு படுத்திருக்க என்னால ஆவாது பெருமாளு."

மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போல ஆஜர் எடுத்தார் சாயபு. பட்டாளத்துப் பழக்கம், பெயர் கூப்பிட்டால், இந்தியில் "ஹாஜிர்!" என்று கத்த வேண்டும். எவனாவது கொல்லைக்குப் போயிருந்தால் அவன் குரலில் நான் கத்துவேன். எல்லோரும் சிரிப்பார்கள். கோமாளிக்கு அதுதான் உத்தியோகம்.

"ராஜமாணிக்கம்."

அவன் இடம் காலியாக இருந்தது. விறகுக்குப் போயிருப்பான் என்று நினைத்து, அவனைப் போலவே கரகரத்த குரலில், "ஹாஜிர்!" என்றேன்.

அந்த ஒரு கத்தல் அவனுக்கு அரைநாள் அவகாசம் கொடுத்தது. மத்தியானம் சோற்றுக்கு விறகில்லை என்றபோதுதான் தேடினோம். கம்பளி நாலு மூலையும் சரியாக மடிக்கப்பட்டு, மேலே தட்டு, தட்டின்மேல் குவளை. சுவர் ஆணியில் தொங்கிய பழைய காவி வேட்டியைக் காணோம்.

சாயபுவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை.

"நானும் பட்டாளத்துல இன்னொருத்தன் மூத்திரத்தைக் குடுத்தவன்தான்டா," என்றார். "எனக்கு அதிர்ஷ்டம் ஜாஸ்தி. அவ்ளோதான் வித்தியாசம். எழுந்திரு, தேடு."

இல்லத்தில் எல்லோரையும் பரிசோதனைக்குக் கூட்டிப் போனார். இன்னொருவருக்கு இருந்தது, மருந்து ஆரம்பித்தார்கள். ஒருவனும் பாயை நகர்த்தவில்லை. இது ராஜமாணிக்கத்துக்குத் தெரியாது.

என் ஊசியின் பெயர் ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து; சிலருக்குக் காது நரம்பைத் தாக்கும்). ஒரு மாதம் தாண்டியதும் இடது காதில் ஒரு வண்டு குடிபுகுந்தது. ரீங்காரம் நிற்கவே இல்லை. நடந்தால் தரை லேசாகச் சாய்ந்தது. சொன்னதும் டாக்டரம்மா ஊசியை நிறுத்தி வேறு மாத்திரை கொடுத்தார். தலைசுற்றல் போனது, காது திரும்பவில்லை. வேலைக்குத் திரும்பிய முதல் நாளே கண்டக்டர் விசில் ஊதியது காதில் விழாமல் நிறுத்தத்தைத் தாண்டிப் போனேன். இறங்க வேண்டிய ஒரு அம்மா என் பரம்பரையையே திட்டினாள். அது மட்டும் கொஞ்சம் கேட்டது. வாரக் கடைசியில் முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். எந்த வேலையைக் காப்பாற்றப் புட்டியை மாற்றினேனோ, அது போனது, டி.பி.யால் அல்ல, ஒரு விசிலால்.

பிறகு இல்லத்தில் முழுநேரமும் தேடும் வேலை என்னுடையது. தினமும் விடிந்ததும் சைக்கிளில் மலையைச் சுற்றினேன். மண்டபம் மண்டபமாகக் காவிகளுக்குப் பின்னால் நின்று, சாயபு மாதிரியே அடிவயிற்றிலிருந்து, "சாவ்தான்!" என்பேன். அரைக் காதன் ஆனதால் சத்தம் அளவு தெரியாமல் போய்விடும். ஒருமுறை ஒரு நிஜச் சாமியார் கமண்டலத்தை என் தலைக்குக் குறிவைத்தார்.

அந்த ஐப்பசியில், மழைக்கு ஒதுங்கியிருந்த ஒரு வரிசையில் இரண்டு குதிகால்கள் ஒட்டின. அகலமான முதுகு. ஓடிப் போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

வேறு ஆள். ஆற்காடு பக்கத்துக்காரன். நாலு நாளாகச் சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது. பட்டாளத்துக்காரன் ஒருவன் கிடைத்திருக்கிறான். அவனைக் கூட்டி வருவதுதான் என் வேலை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வந்தது ஏமாற்றம். அதை அவனும் பார்த்துவிட்டான்.

"வேற யாரையோ தேடறீங்களா சார்?" என்றான்.

"இல்ல," என்றேன். "உன்னத்தான். வா." இதுவும் பொய்தான். என்றாலும் அன்றைக்கு அவன் சாப்பிட்டான்.

பதினெட்டு மாதம் ஒரு மாத்திரை விடாமல் சாப்பிட்டு முடித்தேன். கடைசிப் பரிசோதனைக்கு என் கோழையை நானே துப்பினேன். கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். இதைப் படிக்கும் உங்களில் யார் கையிலாவது பெயர் ஒட்டிய புட்டி இப்போது இருக்கலாம். கை நடுங்கும். நடுங்கட்டும். நீங்களே துப்புங்கள். உங்களுக்காக இன்னொருவனை எதற்கும் நிற்க வைக்காதீர்கள். யார் யாருக்குக் கொடுத்தோம், நான் அவனுக்கா, அவன் எனக்கா என்பது எந்த எக்ஸ்ரேயிலும் தெரியாது.

முன்பெல்லாம் மூச்சு என்று ஒன்று விடுகிறேன் என்பதே தெரியாது. இப்போது ஒவ்வொன்றும் தெரிகிறது. உள்ளே போகும்போது வலது மேல்பக்கத்தில் ஒரு சின்னத் தடுக்கல். வருடங்களைவிட அந்தத் தடுக்கலை வைத்துத்தான் நாள் எண்ணுகிறேன்.

சாயபு ராஜமாணிக்கத்தின் பெயரை அடிக்கவில்லை. காணாமல் போனவனைச் செத்தவனாக எழுதக் கூடாது என்பது அவர் சட்டம். ஆஜரில் இன்றைக்கும் அந்தப் பெயரைக் கூப்பிடுகிறார். கூப்பிட்டுவிட்டு, பதிலுக்கு இடம் விட்டு நிற்பார். புதிதாக வந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். யார் குரலிலும் நான் கத்துவேன் என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள்.

நான் கத்துவதில்லை. வலது காதில் கிடங்கின் அமைதி, இடது காதில் வண்டு. இரண்டு மூச்சு, சில நாள் மூன்று. பிறகு சாயபு அடுத்த பெயரைக் கூப்பிடுவார். அது என் பெயர்.